சோதிக்க வேண்டியது முட்டையை அல்ல, கொட்டகையை!



சில ஆண்டுகளுக்கு முன், திருவெறும்பூரில் நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் காலையிலேயே வந்து நின்றார். "அண்ணே, அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்ட பையனுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அவன் அப்பா கடையில் வந்து சத்தம் போடுகிறார். எந்தப் பண்ணை முட்டை என்று கேட்கிறார். என்ன சொல்ல?" என்றார். நாமக்கல் முட்டை என்பதற்கு மேல் நம்மிடமும் பதில் இல்லை. முட்டைதான் காரணமா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார்.

இப்படிப்பட்ட நோயைத் தரும் கிருமிகளில் ஒன்று சால்மோனெல்லா. இது கோழியின் குடலில் வாழும். கோழி நன்றாகவே இருக்கும். எச்சம் பட்டு ஓட்டின் மேல் ஒட்டும். இதில் ஒரு வகை, முட்டை உருவாகும்போதே உள்ளே புகுந்துவிடும். அத்தகைய முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாலும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் பிடிபடாது. நாற்றமும் இராது.

அப்படியானால் முட்டையையே ஆய்வுக்கு அனுப்பலாமே எனலாம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 20,000 முட்டைகளில் ஒன்றில் இக்கிருமி இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 30 முட்டை கொண்ட ட்ரே கணக்கில், சுமார் 670 ட்ரேக்கு ஒரு முட்டை! எதை உடைத்துப் பார்ப்பது?

அதனால்தான் கோழிக் கொட்டகையைச் சோதிக்கிறார்கள். ஈரமான காஸ் துணியை எச்சத்தின் மேல் இழுத்தும், காலுறை அணிந்து கொட்டகைக்குள் நடந்தும் மாதிரி எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான கோழிகளின் சங்கதி அந்தத் துணியில் வந்துவிடும். அமெரிக்காவில் 2010 முதல் பெரிய பண்ணைகளுக்கு இது கட்டாயம்.

பழைய முறையில் கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல நாலைந்து நாள், சில வேளை ஒரு வாரம் ஆகும். அதற்குள் முட்டை விற்று, சமைத்து, சாப்பிட்டும் முடிந்துவிடும். விரைவு முறையில், மாதிரியைச் சத்துநீரில் ஓர் இரவு வைத்துக் கிருமியைப் பெருகவிட்டு, பிறகு கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். ஓரிரு நாளில் விடை கிடைக்கும். கிருமி உண்டு என வந்தால் பழைய முறையில் உறுதி செய்துகொள்வார்கள்.

இது பண்ணைக்காரர் பாடு என்று நாம் இருந்துவிட முடியாது. 1988 டிசம்பரில் பிரிட்டனில் முட்டையில் சால்மோனெல்லா என்று ஓர் அமைச்சர் சொன்னதும், நாடு முழுதும் விற்பனை சரிந்தது. நல்ல பண்ணை, கெட்ட பண்ணை என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எனவே, வாங்கும் இடத்தில் "கொட்டகையில் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தீர்கள்? முடிவு என்ன?" என்று கேட்போம். பில்லில் பண்ணை பெயரும் தேதியும் எழுதி வாங்குவோம். விரிசல் முட்டையை ஒதுக்குவோம். முட்டையை வெயிலில் வைக்காமலும் ஈரத் துணியால் துடைக்காமலும் இருப்போம். ஈரம் ஓட்டின் நுண்துளை வழியே கிருமியை உள்ளே கொண்டுபோகும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும் என்பதை வாடிக்கையாளருக்கும் சொல்வோம்.

நாலு கடைக்காரர் கேட்டால் ஏஜெண்டு கேட்பார். ஏஜெண்டு கேட்டால் பண்ணைக்காரர் சோதிப்பார். அடுத்த முறை ஒரு தகப்பனார் வந்து நின்றால், நம் கையில் பதில் இருக்க வேண்டும்.