கடலடியில் நா வறட்சி

குருநகர்க் கரையிலிருந்து கடலட்டையையும் சங்கையும் தேடிச் செல்லும் சுழியோடி ஒருவர், சிலிண்டரை முதுகிற் சுமந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலடியில் உலாவிவிட்டுப் படகின் விளிம்பைப் பற்றி மேலேறியதும், பற்களாற் கவ்வியிருந்த ரப்பர்த் துண்டைக் கழற்றிவிட்டு முதலிற் கேட்பது குடிக்கத் தண்ணீரையே. உதடுகளில் உப்புப் பூத்திருக்கும். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வார்த்தை பேசுவதற்கே அவர் எச்சிலைக் கூட்டி விழுங்கவேண்டியிருக்கும். மூச்சடக்கிச் சங்கு குளித்த அவருடைய பாட்டனாருக்கு இத்தகைய வறட்சி தெரிந்திராது. ஏனெனில், அவர் நெஞ்சில் நிரப்பிக்கொண்டு மூழ்கியது ஈரம் செறிந்த கடற்காற்று.

1943ஆம் ஆண்டில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்த இன்றைய சிலிண்டரில் அடைபட்டிருப்பதோ வேறு வகைக் காற்று. சாதாரணக் காற்றை 200 மடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுவரும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரண்டுவிட, அதனை வடித்து வெளியேற்றி, எஞ்சிய ஈரத்தையும் வடிகட்டிகளால் உறிஞ்சியெடுத்த பின்னரே சிலிண்டரை நிரப்புகிறார்கள். ஈரம் தங்கினால் உருக்குச் சிலிண்டர் உட்புறம் துருப்பிடிக்கும். அத்துருவோ உள்ளிருக்கும் பிராணவாயுவையே தின்றுவிடும். ஆகவே சுழியோடியின் நாவை வருத்தும் இவ்வறட்சி, அவருடைய உயிரைக் காக்கும்பொருட்டு வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டதாகும்.

நம் சரீரம் உலர்ந்த காற்றை அப்படியே நுரையீரலுக்குள் அனுமதிப்பதில்லை. 37 பாகை உஷ்ணத்துக்குச் சூடாக்கி, லீற்றர் ஒன்றுக்குச் சுமார் 44 மில்லிகிராம் நீராவி சேரும்வரை நனைத்தே உள்ளே விடுகிறது. இந்த ஊழியத்தைச் செய்வதும், வெளிச்செல்லும் மூச்சிலிருந்து ஈரத்தில் ஒரு பங்கை மீட்டுக்கொள்வதும் மூக்கின் விசேஷம். முகமூடி மூக்கை அடைத்துவிட, அவ்வேலை முழுவதும் வாயின்மேலும் தொண்டையின்மேலும் விழுகிறது. நிமிஷத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவர் மணிக்கு 40 முதல் 50 கிராம் வரை நீரை இவ்வாறு இழப்பார் என்று கணக்கிடலாம். ஆழம் கூடினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை என்பது வியப்புக்குரியது. காற்று எவ்வளவு அடர்த்தியானாலும், ஒரு லீற்றர் இடத்திற் கொள்ளக்கூடிய நீராவியை நிர்ணயிப்பது உஷ்ணமேயன்றி அமுக்கமன்று.

மூன்று மேசைக்கரண்டி நீர் பெரிய நஷ்டமன்று. ஆனால், கடலில் மூழ்கியதும் கைகால்களிலுள்ள இரத்தத்தில் ஒரு பகுதி மார்புக்கு ஏற, இருதயத்தின் அறைகள் விரிய, இரத்தம் மிகுந்துவிட்டதென்று எண்ணிச் சரீரம் சிறுநீரைப் பெருக்கிவிடுகிறது. படகில் வெயிலிற் காய்ந்து சிந்திய வியர்வையும் இதனோடு சேரும். இவ்வாறு நீர் குறைந்த உடலில், ஆழத்தில் இரத்தத்திற் கரைந்த நைதரசன் மேலேறும்போது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும் நோய்க்கு இடம் அதிகம் என்பது வைத்தியர்களின் கருத்து. சிறுநீர் கழிக்கும் தொல்லைக்கு அஞ்சிக் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒரே நாளிற் பலமுறை மூழ்குகிறவர்கள் இதனை அறவே விட்டுவிடவேண்டும் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

நீருக்குள் இருக்கும்போது நா வறண்டால், பதறாமல் ஆறுதலாக மூச்சு விடுவதும், நாநுனியை மேற்பற்களின் பின்னே உயர்த்தி வைத்து, காற்று நேரே தொண்டையில் அடியாதபடி தடுப்பதும் பயன் தரும். பயமே உமிழ்நீரை வற்றச்செய்யும் என்பதால் நிதானம் இங்கே மருந்தாகிறது. கடல் மயக்கத்துக்கென விழுங்கும் மாத்திரைகள் சிலவும் வாயை உலர்த்துவன. கடல்நீரை விழுங்குதல் ஆகாது. அதன் உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்த நீரினும் கூடுதலான நீரைச் செலவிட நேரும்.

வற்றாத நதி ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். தீவுப் பகுதிகளிற் பல கிணறுகள் உவர்த்துவிட்டமையால் நல்ல தண்ணீரைக் கரையிலேயே கலன்களில் நிரப்பிக்கொண்டு புறப்படுவது அவசியம். இளநீரும், உப்பிட்ட மோரும், தேசிக்காய்த் தண்ணீரும் அதற்குத் துணையாகும், கள் கூடாது. ஒரு சிலிண்டர் முடிந்து மற்றதைப் பூட்டுமுன் படகில் இளைப்பாறும் வேளையில், விடாய் எடுக்கும்வரை காத்திராமல், சிறுநீர் வெளிறிய நிறத்தில் இறங்கும்வரை சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டிருத்தல் நல்லது.