பீடோங்: தொண்டர் படை எழுந்த ஊர்

சுங்கை பட்டாணிக்கு வடக்கே, ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த சிற்றூர் பீடோங். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அக்காலத்தில் தோட்டம்தோறும் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் கைக்கு வந்த காசு, பொழுது சாய்வதற்குள் கள்ளுக்கடைக் கல்லாவில் விழுந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இந்நிலையை மாற்ற, ஆர்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தொண்டர் படையை அமைத்தார். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்களும் இதில் சேர்ந்தனர். அவர்கள் அணிவகுப்புப் பழகினர். கள்ளுக்கடை வாசலில் நின்று, குடிக்க வந்தோரைத் திருப்பி அனுப்பினர். கள்ளுக்கடைகளை மூடவும் தொழிலாளரை மரியாதையுடன் நடத்தவும் கோரினர்.

1947 தொடக்கத்தில் பீடோங்கிலும் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் தொண்டர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டது. பலர் சிறை சென்றனர். படை ஒடுக்கப்பட்டது.

சாமியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவருடன் அணிவகுத்த ஆண்கள், பெண்கள் பலரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. இப்பலகை அவர்கள் அனைவருக்கும் உரியது.