பென்டிரைவில் இடம் இருக்கு, ஆனா 'ஃபுல்'னு சொல்லுதா? அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணாதீங்க!

"பாப்பா, பாதிகூட நிரம்பலை. ஆனா இடம் இல்லைன்னே சொல்லுது. கடையில கேட்டா வைரஸாம், ஃபார்மேட் பண்ணணுமாம். பண்ணிடட்டுமா?"

போன வாரம் பெரியப்பாவிடமிருந்து வந்த போன் இது. அவர் காரில் இருப்பது பழைய ஸ்டீரியோ. அதற்கென்றே ஒரு 2 ஜிபி பென்டிரைவ் வைத்திருக்கிறார். அதில் பாட்டுகளோடு, ஒரு கொலுவின்போது பெரியம்மா பாடிய பதிவும் இருக்கிறது. பெரியம்மா இப்போது இல்லை. அந்தப் பதிவுக்கு வேறு காப்பியும் இல்லை. "எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன்.

லேப்டாப்பில் செருகிப் பார்த்தால், உள்ளே இருந்தது சுமார் 500 எம்பிதான். முக்கால்வாசி காலி! பிறகு ஏன் அந்த எரர்?

மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும், நோட்டில் வரி தீர்ந்துவிட்டால் அடுத்தவர் பெயரை எழுத முடியாது. பென்டிரைவிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. பழைய 'ஃபேட்16' முறையில், ஃபோல்டருக்குள் போடாமல் வெளியே வைக்கும் ஃபைல்களுக்கு வழக்கமாக மொத்தமே 512 வரிகள்தான்.

அப்படியென்றால் 512 பாட்டு போடலாமே? அங்கேதான் சிக்கல். பெயர் நீளமாக இருந்தால் 13 எழுத்துக்கு ஒரு வரி, அதற்கு மேல் கூடுதலாக ஒரு வரி. நாம் இறக்கும் பாட்டின் பெயரில் படம், பாடகர், போதாததற்கு அந்த இணையதளத்தின் விளம்பரம் வேறு! மொய் எழுதுபவர் தன் பட்டம், பதவி, ஊர் எல்லாம் சேர்த்துச் சொல்வது மாதிரிதான். 50 எழுத்துப் பெயர் ஐந்து வரிகளைத் தின்றுவிடும். நூறு பாட்டிலேயே நோட்டு காலி. போனிலிருந்து காப்பி செய்தால் 'இடம் இல்லை' என்று வரும். கணினியோ 'ஃபைலை உருவாக்க முடியவில்லை' என்று புரியாத எண்ணோடு சொல்லும்.

உங்கள் பென்டிரைவும் இந்த ரகமா? கணினியில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் வெறும் 'ஃபேட்' என்று இருந்தால் அதேதான்.

முதலில் எல்லாவற்றையும் கணினிக்கு ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். நோட்டு நிரம்பியிருப்பதால் புது ஃபோல்டர்கூட உருவாக்க முடியாது. எனவே பென்டிரைவிலிருந்து பத்துப் பாட்டை நீக்கிவிட்டு, ஒரு ஃபோல்டர் உருவாக்கி, மீதியை அதற்குள் நகர்த்துங்கள். ஃபோல்டருக்குள் இந்த 512 கணக்கு இல்லை. நீக்கிய பத்தையும் திரும்ப உள்ளே போட்டுவிடலாம்.

பெரும்பாலான 32 ஜிபி பென்டிரைவ்களில் இருப்பது 'ஃபேட்32'. அதில் வேறு தொல்லை. ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொட்டாலே ஏறாது. கல்யாண வீடியோ நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். வீடியோவை இரண்டாக வெட்டிப் போடலாம். அல்லது காப்பி எடுத்துவைத்துக்கொண்டு 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றலாம். ஆனால் பழைய டிவி, கார் ஸ்டீரியோ சில அதைப் படிக்காது.

பெரிய சர்வர்களும் இதற்குத் தப்பவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோட்' என்று ஒரு பதிவு வேண்டும். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், டிஸ்க் காலியாக இருக்கும்போதே அது தீர்ந்துவிடும். 'டிஎஃப்' கட்டளையோடு 'மைனஸ் ஐ' சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பெரியப்பாவின் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. இளையராஜாவுக்கு ஒன்று, பக்திப் பாட்டுக்கு ஒன்று என ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மாவின் பதிவை மட்டும் என் லேப்டாப்பிலும் அவர் போனிலும் ஏற்றினேன். "அதைத் தனி ஃபோல்டர்ல, முதல்ல வர்ற மாதிரி வை" என்றார்.