சடங்குக்கு ஃப்ளெக்ஸ் உண்டு, அதுக்கப்புறம்?

"அக்கா, எனக்கு 18 வயசு ஆகல. மாதவிடாய், கர்ப்பம் மாதிரிப் பிரச்சினைக்கு ஆஸ்பத்திரி போனா போலீஸ் வருமா?" எந்த வீடியோ போட்டாலும் கீழ இதான் கேள்வி. ரசம் வைக்கிற வீடியோவுக்குக் கீழயும் கேக்காங்க. சரி, இன்னைக்குப் பேசிருவோம்.

மாதவிடாய்னா என்ன, ஏன் வருதுன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல. பத்தாங்கிளாஸ் அறிவியல் புத்தகத்துலயே இருக்கு. "வீட்ல வாசிச்சுக்கோங்க"ன்னு டீச்சர் தள்ளிவிடுத பாடம் இருக்குல்லா, அதான்.

நம்ம ஊர்க் கதைய முதல்ல பாருங்க. முக்கூடல்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆத்தங்கரை ஊர் எதை வேணா எடுங்க. ஒரு பிள்ளை பெரியவளானா பந்தல், மைக் செட், தாய்மாமன் சீர். பிள்ளை படத்தோட முச்சந்தியில ஃப்ளெக்ஸ். கீழ வரிசையா கூலிங்கிளாஸ் போட்ட மாமன்மாரு. டவுன் பஸ் கண்டக்டர் வரைக்கும் விஷயம் தெரிஞ்சிரும். அதே பிள்ளை அடுத்த மாசம் வயித்து வலின்னா கிளாஸ்ல "தலைவலி டீச்சர்"னு பொய் சொல்லணும். ஊருக்கே அறிவிச்சாச்சு, இனி என்ன ரகசியம்?

சிரிக்குத விஷயம் இல்ல இது. 2017 ஆகஸ்ட்ல நம்ம பாளையங்கோட்டையில, ஏழாங்கிளாஸ் பிள்ளை, 12 வயசு, உயிரை விட்டுச்சு. யூனிஃபார்ம்ல கறை பட்டதுக்கு டீச்சர் எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துனாங்கன்னு வீட்டுல சொன்னாங்க. 2025 ஏப்ரல்ல கோவை மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடம். எட்டாங்கிளாஸ் பிள்ளை, வயசுக்கு வந்து ரெண்டே நாள். வெளிய படிக்கட்டுல உக்கார வச்சுப் பரீட்சை எழுத வச்சாங்க. அதுல ஒண்ணு அறிவியல் பரீட்சை! வினாத்தாள்ல இனப்பெருக்கம் கேட்டிருந்தா என்ன எழுதியிருக்கும் அந்தப் பிள்ளை?

சடங்கு வேண்டாம்னு நான் சொல்லல. உளுந்தங்களிக்கு நான் எதிரி கிடையாது. கருப்பட்டிப் பாகு விட்டு, நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்தி... இப்ப சீனி போட்டுக் கிண்டுதாங்க, அதைத் தனியா ஒரு வீடியோவுல திட்டணும். ஆனா களி பதினாறு நாளோட முடிஞ்சிரும், அதுக்குப் பிறகும் சத்து வேணும்லா? பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு தடவை நீலக் கலர்ல ஒரு மாத்திரை தாராங்கள்லா, இரும்புச்சத்து மாத்திரை, அதை ஜன்னல் வழியா எறியுததுதான் நம்ம வழக்கம். சாப்பிட்டுட்டுப் போடுங்க, வயித்தை அவ்வளவா புரட்டாது.

அப்புறம் நாப்கின். அரசாங்கத்தோட புதுயுகம் திட்டம், 2011-12ல வந்தது. 10 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும், ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. கணக்குப் போடுங்க, மாசத்துக்கு ஒம்பது. அஞ்சு நாளைக்கு ஒம்பது! ஒரு நாளைக்கு ரெண்டு கூட முழுசா வராது. திட்டம் நல்ல திட்டம்தான், கணக்குப் போட்டது யாரோ ஆம்பளை ஆபீசர்னு நினைக்கேன். ஃப்ளெக்ஸ் காசுல ஒரு வருஷத்துக்கு நாப்கின் வாங்கலாம் மாமா. நான் விடமாட்டேன் அதை.

ஐயோ, பேட்டரி சிவப்பு காட்டுது. கேட்ட கேள்விக்கு வாரேன், வேகமா.

வயித்து வலி, தேதி தப்புதது, வெள்ளைப்படுதல்: போலீசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போங்க, பெரிசா இருந்தா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. கூட அம்மாவோ சித்தியோ வந்தா நல்லது, சிகிச்சைக்குக் கையெழுத்து கேப்பாங்க.

கர்ப்பம்னா வேற. 18க்குக் கீழன்னா போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். ஆனா 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு: கருக்கலைப்புக்கு வந்த பிள்ளையும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா, அந்தத் தகவல்ல பிள்ளையோட பேர், அடையாளம் தர வேண்டாம். கருக்கலைப்புக்குக் காப்பாளர் எழுத்துல சம்மதம் தரணும். 2021 திருத்தப்படி 18க்குக் கீழ உள்ளவங்களுக்கு 24 வாரம் வரைக்கும் வழி உண்டு, 20 வாரம் தாண்டுனா ரெண்டு டாக்டர் பாக்கணும். மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி நீங்களா போட்ராதீங்க, ரத்தம் நிக்காமப் போகலாம்.

18 ஆகாம கல்யாணம் பேசுதாங்களா, பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் போடுங்க. ராத்திரியும் எடுப்பாங்க. கட்டி வச்சுட்டாங்களா, 20 வயசு ஆகுததுக்குள்ள கோர்ட்ல அதைச் செல்லாதுன்னு ஆக்கலாம், 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்.

கமெண்ட்ல பேர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் போடாதீங்க, உங்க மாமனும் இந்தச் சேனல் பாக்கா...