ஆயுத பூஜைக்கு முன்பா, பின்பா?

திருச்செங்கோட்டில் வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டால், அவனைவிட அவன் அப்பாதான் முதலில் என்னிடம் வருவார். வந்ததும் கேட்பார்: “சம்பாதிக்கறது அங்கீங்க, இங்க நமக்கென்னங்க வரி?”

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. மீதிப் பாதி பையனோடு விமானம் ஏறுவதில்லை. பழைய சேமிப்புக் கணக்கு, கடை வாடகை, மனைவி பேரில் போட்ட டெபாசிட், பாகம் பிரித்ததில் வந்த காடு என்று அது ஊரிலேயே இருக்கிறது. சிக்கல் வருவது அங்கிருந்துதான். வந்த பிறகு அதை அவிழ்க்க அலைபவர்கள் பெற்றோர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கே இருந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும். இந்தியா அப்படியல்ல. இங்கே குடியுரிமையைவிட நாள் கணக்குதான் முக்கியம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் ‘வசிப்பவர்’. உலகில் எங்கே சம்பாதித்தாலும் அவர் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 60 நாள் என்று இன்னொரு விதியும் உண்டு. ஆனால் வேலைக்காக நாட்டை விட்டுப் போகிற ஆண்டில் இந்தியக் குடிமகனுக்கு அது பொருந்தாது. அவருக்கு 182 மட்டும்தான். ‘வசிக்காதவர்’ ஆகிவிட்டால் இந்தியாவில் விளைகிற வருமானத்துக்கு மட்டும் இங்கே வரி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வந்திருக்கிறது. இந்த நாள் கணக்கு மாறவில்லை.

ஏப்ரல் 1 முதல் ஊரிலேயே இருப்பவருக்கு, கிளம்புகிற நாளையும் சேர்த்து எண்ணினால், செப்டம்பர் 28இல் 181 நாள் ஆகும். அன்றைக்குள் கிளம்பினால் அந்த ஆண்டுக்கே வசிக்காதவர். அடுத்த நாள் கிளம்பினால் 182.

எங்கள் ஊரின் பழக்கம் இங்கேதான் குறுக்கே வருகிறது. ரிக்கு வண்டியும் லாரியும் சோறு போடும் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்தில் ஆயுத பூஜைதான் பெரிய நோன்பி. வண்டிகளைக் கழுவிச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்துக் கும்பிடாமல் ஒரு காரியம் தொடங்க மாட்டார்கள். “பூஜை முடிச்சுட்டுப் போகட்டுங்க” என்று அம்மா சொல்வார். பூஜை பெரும்பாலும் அக்டோபரில் வரும்.

இதன் விலையை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். துபாயில் மாதம் 15,000 திர்ஹாம் சம்பளத்தில் சேரும் பொறியாளர் அக்டோபர் முதல் மார்ச் வரை வாங்குவது 90,000 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால் 21 லட்சத்து 60 ஆயிரம். அவர் செப்டம்பர் 28க்குள் போயிருந்தால் இந்தச் சம்பளத்துக்கு இங்கே ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அக்டோபரில் போனால், ஊரில் வேறு வருமானமே இல்லாவிட்டாலும், புதிய வரி முறையில் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் அளவுக்கு வரி வரும். அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி கிடையாது என்பதால், அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இரட்டை வரி ஒப்பந்தம் சில நேரம் கைகொடுக்கும். ஆனால் அந்த நாடு தரும் வரி வசிப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. சேரும் தேதி நம் கையில் இருக்கும்போது, ஒரு வாரம் முன்னால் போகச் சொல்வேன்.

எல்லோரும் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. குவைத்துக்கு ஓட்டுநராகப் போகிறவர் எந்த மாதம் கிளம்பினாலும், வசிப்பவராக இருக்கும் ஆண்டில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் புதிய முறையில் தள்ளுபடி கிடைத்து வரி இல்லாமல் போய்விடும்.

ரிக்கு முதலாளிகள் வேறு மாதிரி கேட்பார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்ட இங்கிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு வண்டியோடு போகிறவர்கள் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. “வேலைக்குப் போறதுன்னு எங்களச் சொல்ல முடியுங்களா?” என்பார்கள். நியாயமான கேள்வி. அப்துல் ரசாக் என்பவரின் வழக்கில் 2011இல் கேரள உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சொந்தத் தொழில் செய்யப் போவதும் இந்த விதியில் சொல்லப்படும் வேலைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சுற்றுலா விசாவில் போய்ச் சுற்றிவிட்டு வருவது அடங்காது.

இனி ஊரில் விட்டுச்சென்றவை. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அப்பா கையில் ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பழைய கணக்கையே ஓட்டுகிற குடும்பங்கள் இங்கே தெருவுக்கு நாலு உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனி. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கியே 31.2 சதவீதம் பிடித்துவிடும். உண்மையான வரி அதைவிடக் குறைவு என்றால், கணக்குத் தாக்கல் செய்துதான் மீதியைத் திரும்பப் பெற முடியும்.

அந்த 12 லட்சத் தள்ளுபடி வசிப்பவருக்கு மட்டும்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடை வாடகையும் வட்டியும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 7 லட்சம் என்றால், ஊரில் இருக்கும் அண்ணனுக்கு வரி இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அதே 7 லட்சத்துக்கு 15,600 ரூபாய் கட்ட வேண்டும். தம்பியின் கடையில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுக்கும்போது, தொகை எவ்வளவு சிறிதானாலும், வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியது அவர்தான். இதை அறிந்த வாடகைதாரரை நான் பார்த்ததே அபூர்வம்.

மனைவிக்கு அனுப்பும் பணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோருக்கோ மனைவிக்கோ உடன்பிறந்தவருக்கோ எவ்வளவு அனுப்பினாலும், வாங்குபவருக்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தை மனைவி தன் பேரில் டெபாசிட் போட்டால், வரும் வட்டி கணவனின் வருமானத்தோடு சேரும். அப்பா பேரில் போட்டால் வட்டி அப்பாவின் வருமானம். கணவனின் என்.ஆர்.இ. கணக்கிலேயே போட்டிருந்தால் வரியே இல்லை. தொகை ஒன்றுதான், யார் பேரில், எந்தக் கணக்கில் என்பதுதான் வித்தியாசம்.

காட்டு விவகாரம் எனக்கு மனவேதனை தருவது. எங்கள் பக்கத்துப் பிள்ளை வெளிநாட்டில் முதல் காசு சேர்ந்ததும் நினைப்பது கிணறும் தென்னையும் உள்ள தோட்டம்தான். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோட்ட நிலமும் பண்ணை வீடும் அப்படியே. ஏற்கெனவே இருந்ததை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வருவதைப் பெறலாம். மீறினால் அபராதம் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். பத்திரப்பதிவு முடிந்துவிட்டது என்பதால் அது செல்லும் என்று நம்பிவிடக் கூடாது. நிலம் வேண்டும் என்றால் அப்பாவுக்கு உண்மையான அன்பளிப்பாகப் பணம் கொடுத்து, அவரே தன் பேரில் வாங்குவதுதான் முறை.

இருக்கிற காட்டின் வெள்ளாமை வருமானத்துக்கு வரி இல்லை. கோழிப்பண்ணை அப்படியல்ல. நாமக்கல்லில் பண்ணையை விவசாயம் என்றுதான் பேசுகிறோம். வரிச் சட்டத்துக்கு அது தொழில். பண்ணை தன் பேரில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வருமானம் நீங்கலாக மொத்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவருக்கு, விடுமுறையில் ஊருக்கு வந்து தங்கும் வரம்பு 182 நாளிலிருந்து 120 நாளாகக் குறைகிறது; முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்திருந்தால் இது பொருந்தும். 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் வந்த மாற்றங்களில் ஒன்று இது. வேறெந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியர் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார் என்ற அறிவிப்பும் அன்றுதான் வந்தது. வளைகுடாவில் இருப்பவர்கள் கலங்கிப்போனார்கள். அங்கே உழைத்துச் சம்பாதிப்பவரின் சம்பளத்தைத் தொடும் நோக்கம் இல்லை என்று மறுநாளே வரி வாரியம் விளக்கியது. அந்த விதியும் இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவரோடு நின்றுவிட்டது.

சேலத்தில் வீட்டையோ மனையையோ விற்பது பற்றிச் சுருக்கமாக: வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் போதும் என்பது உள்ளூர்க்காரர் விற்கும்போதுதான். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் நீண்டகால லாபத்துக்கான 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். லாபம் குறைவு என்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையில் முன்கூட்டியே வாங்க வேண்டும். முன்பணம் கைமாறுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

கடைசியாக, திரும்பி வருகிறவர்கள். நிரந்தரமாக ஊர் திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கையும் மாற்ற வேண்டும். வட்டிக்கு இருந்த விலக்கு அதோடு போய்விடும். பத்தாண்டு வெளியே இருந்து வந்தவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ‘வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்ல’ என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கணக்கில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அங்கேயுள்ள சொத்துப் பட்டியலையும் கொடுக்க வேண்டியதில்லை. அது முடிந்த ஆண்டிலிருந்து மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ மறந்துபோய்க் கிடக்கும் கணக்கைக்கூட வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு உட்பட்டவற்றுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. நாடுகள் தங்களுக்குள் வங்கி விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. தேவையில்லாத வெளிநாட்டுக் கணக்குகளை அந்த இடைக்காலத்திலேயே மூடி, பணத்தை ஊருக்குக் கொண்டுவந்துவிடச் சொல்லித்தான் திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் அனுப்புகிறேன்.