முட்டைகோஸ் தோட்டத்தில் விளைந்த வெள்ளி!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முட்டைகோஸ் மூட்டை ஏற்றிப் போகும் லாரியைக் கீரனூர்க்காரர்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். அந்த மாதிரி ஒரு கோஸ் தோட்டத்தில் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் விளைந்தது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். "தம்பிக்கு வெயில் மண்டையில ஏறிருச்சு... ஒரு சோடா உடைங்கண்ணே!" என்பார்கள்.

விளைந்தது நிஜம், ஸார். இங்கே இல்லை, தென் கொரியாவில்.

அங்கே காங்வோன் மாகாணத்தில் ஜொங்சொன் என்று ஒரு மலைப் பிரதேசம். கோடையில் கோஸ், குளிர்காலத்தில் கொட்டும் பனி. ஒரு கோஸ் தோட்டத்தைக் குளிர்காலத்தில் மட்டும் சறுக்கு விளையாடும் இடமாக மாற்றி வைத்திருந்தார்கள். அந்தச் சரிவில் பலகை மேல் நின்று பழகினான் ஒரு பொடியன். பெயர் லீ சாங்-ஹோ. 1995-ல் பிறந்தவன். 2018 பிப்ரவரி 24-ந் தேதி, பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் அதே பையன் வெள்ளிப் பதக்கத்தோடு நின்றான். அதுவரை கொரியா வாங்கிய குளிர்காலப் பதக்கம் எல்லாம் ஸ்கேட்டிங் மாதிரி ஐஸ் கட்டி மேல் வாங்கியவை. பனிச் சரிவில் வந்த முதல் பதக்கம் இதுதான். ஊர் வைத்த செல்லப் பெயர், 'கோஸ் பையன்'! (கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நீளக் கோஸ். நம்ம உருண்டைக் கோஸுக்குப் பங்காளி முறை.)

லீ ஓடிய பந்தயத்தின் பெயர் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை. ஒன்றில் சிவப்புக் கொடி, இன்னொன்றில் நீலக் கொடி. இரண்டு பேர் ஒரே சமயத்தில் புறப்பட்டு, கொடிகளை வளைந்து வளைந்து தாண்டி இறங்க வேண்டும். முந்தினவன் அடுத்த ரவுண்டுக்கு, பிந்தினவன் பஸ் ஸ்டாண்டுக்கு!

இதில் ஜெயிக்கிற வித்தைக்குப் பெயர் கார்விங். பலகையைத் தேய்க்காமல், பனியைச் செதுக்கிக்கொண்டு போவது.

பலகை ஒன்று, பூட்ஸ் இரண்டு ஜாதி

ஸ்நோபோர்டு பழங்காலத்து சமாசாரம் இல்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற அப்பா, வீட்டில் பெண் குழந்தைகளின் தொல்லை தாங்காமல் இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அதுதான் பிள்ளையார் சுழி. முப்பத்துமூன்று வருஷம் கழித்து, 1998-ல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்களில் முதல் தங்கம் வாங்கிய கனடாக்காரர் ராஸ் ரெபக்லியாட்டி ரத்தத்தைக் கொதிக்க வைத்தார். சோதனையில் கஞ்சா தடயம் தெரிந்ததென்று மெடலைப் பிடுங்கினார்கள். அப்புறம்தான் தடைப் பட்டியலில் கஞ்சாவே இல்லை என்று தெரிந்து, மெடலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆபீஸ் சர்க்குலரை ஒழுங்காகப் படிக்காமல் மெமோ கொடுப்பது நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

உலகத்தில் ஸ்நோபோர்டு ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் போடுவது மெத்தென்ற ஸாஃப்ட் பூட்ஸ். குதிக்க, கரணம் போட அதுதான் வசதி. இந்தப் பந்தயக்காரர்களும் கார்விங் பைத்தியங்களும் போடுவது ஹார்டு பூட்ஸ். கெட்டி பிளாஸ்டிக் ஓடு, அதில் வரிசையாக பக்கிள்கள். மாட்டிக்கொண்டு நடந்தால் சூரசம்ஹாரத்துக்குக் கிளம்பிய சூரபத்மன் மாதிரி இருக்கும். காலுக்கு இவ்வளவு கொடுமை எதற்கு? அதற்குத்தான் வருகிறேன்.

செலவா, பாக்கியா?

அடியேன் படித்தது பி.காம். அதனால் கணக்குப் பாஷையிலேயே சொல்கிறேன்.

மேலிருந்து புறப்படும்போது உயரம்தான் உங்கள் கையிலிருக்கும் முதல். இறங்க இறங்க அது வேகமாக மாறுகிறது. புதிதாகக் கற்றவர் திரும்பும்போது என்ன செய்கிறார்? பயத்தில் பின்காலால் பலகையை வெடுக்கென்று குறுக்கே தள்ளுகிறார். பலகை பனியைச் சுரண்டுகிறது. திரும்பியாச்சு, சரி. ஆனால் கையிலிருந்த வேகத்தில் பாதி செலவுக் கணக்கில் போய்விட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தால் விளக்குமாற்றால் கூட்டின மாதிரி அகலத் தடம்.

கார்விங்கில் தள்ளுகிற வேலையே கிடையாது. பலகையைச் சாய்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஸ்நோபோர்டின் இரண்டு பக்கமும் நேர்கோடு இல்லை. இடுப்பு மாதிரி நடுவில் உள்வாங்கியிருக்கும். விளிம்பில் எஃகுப் பட்டை. சாய்த்து எடையை அழுத்தினால் பலகை வில்லாக வளைகிறது. எஃகு விளிம்பு பனியை அறுத்துத் தனக்கென்று ஒரு தடம் போடுகிறது. அந்தத் தடத்திலேயே பலகை தண்டவாளத்தில் ரயில் மாதிரி ஓடுகிறது. வேகம் அப்படியே அடுத்த வளைவுக்குக் கேரி ஃபார்வர்டு! பின்னால் பார்த்தால் பென்சிலால் கீறினது போல மெல்லிசாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் ஆடிட் ரிப்போர்ட். அதில் பொய் எழுத முடியாது.

எவ்வளவு சாய வேண்டும்? மோட்டார் சைக்கிளில் பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப் பாதையில் ஏறியவர்களுக்குத் தெரியும். வளைவு குறுகக் குறுக, வேகம் கூடக் கூட, அதிகம் சாய வேண்டும். பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் கணக்குப்படி சாய்வு சுமார் 45 டிகிரி. அதாவது பாதி விழுந்த மனிதன்! சுவிட்சர்லாந்துக்காரர்களான பாத்ரிஸ் ஃபிவாவும் ஷாக் ரில்லியேயும் இதை எல்லைவரை கொண்டு போய், உடம்பு முழுக்கப் பனியில் படுகிற அளவுக்குச் சாய்ந்து திரும்பிக் காட்டினார்கள். பார்க்கிறவனுக்கு 'ஆள் போயிட்டான்' என்று தோன்றும். அடுத்த நொடி எழுந்து மறுபக்கம் சாய்ந்திருப்பார்கள்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். சாய வேண்டியது இடுப்பும் முழங்காலும், தோள் இல்லை. புதுசாகச் செய்கிறவர் கையை நீட்டிப் பனியைத் தொட்டால்தான் ஸ்டைல் என்று நினைத்து இடுப்பை மடித்துக் குனிகிறார். எடை விளிம்பை விட்டு விலகிவிடுகிறது. விளிம்பு பிடி விட, மனிதர் பின்பக்கத்தால் மீதித் தூரத்தைக் கடக்கிறார். பனி தானாக வந்து கையைத் தொட வேண்டுமே தவிர, கை பனியைத் தேடிப் போகக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். வளைவு ஆரம்பிக்கும்போது எடை முன்காலில். முடியும்போது மெல்லப் பின்காலுக்கு. கண், பலகையைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். எங்கே பார்க்கிறீர்களோ உடம்பு அங்கே போகும். சாலையோரப் புளிய மரத்தையே பார்த்துக்கொண்டு டூ வீலர் ஓட்டினவர்களைக் கேளுங்கள், மாவுக் கட்டோடு விளக்குவார்கள்.

ஸ்க்ரூ டிரைவர் தத்துவம்

இப்போது அந்தச் சூரபத்மன் பூட்ஸுக்கு வருவோம். நீங்கள் முழங்காலைச் சாய்த்தால், அதே கணம் விளிம்பு சாய வேண்டும். நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் உத்தரவு தாமதமாகப் போய்ச் சேரும். மேனேஜர் சொன்னது ஹெட் கிளார்க் வழியாக பியூனுக்குப் போகிற மாதிரி. கெட்டி பூட்ஸ், உலோகத் தகடு, பலகை என்று இருந்தால் நேரடி லைன்.

பந்தயப் பலகை ஒல்லி. இடுப்பு அகலம் ஏறக்குறைய 18 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஒல்லியாக இருந்தால்தான் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறலாம். ஆனால் ஆம்பிளைக் கால் நீளம் 25 சென்டிமீட்டருக்கு மேல். குறுக்கே வைத்தால் விரல் ஒரு பக்கம், குதிகால் மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பலகை சாய்ந்ததும் பூட்ஸ் பனியில் உரசும், விளிம்பு மேலே தூக்கும், ஆள் காலி. அதனால் பாதத்தை முன்நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். முழுக் குறுக்கே வைப்பது பூஜ்யம் டிகிரி என்றால், முன்கால் 55 முதல் 65 டிகிரி வரை. பின்கால் அதைவிடச் சில டிகிரி குறைவு. கால் பெரிசா? கோணத்தைக் கூட்டு, இல்லை அகலப் பலகை வாங்கு. வேறு வழியில்லை.

அடுத்தது உயரம். முன் பூட்ஸின் விரல் பக்கம் கொஞ்சம் தூக்கி, பின் பூட்ஸின் குதிகால் பக்கம் கொஞ்சம் தூக்கி, அடியில் ஆப்பு வைக்கிறார்கள். கால்களை அகட்டி, ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும்போது முழங்கால் இயல்பாக மடிவதற்கு இது உதவி. இல்லையென்றால் சாயங்காலம் முழங்கால் தனியாகப் பேசும். பூட்ஸின் பின்னால் கணுக்கால் எவ்வளவு முன்னே மடியலாம் என்று தீர்மானிக்கிற லீவர், சிலதில் ஸ்பிரிங்கும் உண்டு.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஸ்கீயில் விழுந்தால் பூட்ஸ் கழன்று கொள்ளும். இந்தத் தகடுகளில் அப்படிக் கழலாது. விழுந்தாலும் கால் இரண்டும் பலகையோடுதான். அதனால் மெதுவான, சமமாக வாரிய சரிவில்தான் ஆரம்பிக்க வேண்டும். சரிவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வளைந்து போகிற ஆட்டம் என்பதால், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மேலே திரும்பிப் பார்ப்பது கட்டாயம். மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் எப்போது குறுக்கே திரும்புவீர்கள் என்று ஜோசியம் தெரியாது.

செட்டிங் மாற்றுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். கோணத்தையும் ஆப்பையும் லீவரையும் ஒரே நாளில் திருகினால், சரியாகப் போனாலும் எதனால் என்று தெரியாது. தப்பாகப் போனாலும் எதனால் என்று தெரியாது. ஒரு சின்ன நோட்டுப் புஸ்தகம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். மாற்று, ஓடு, எழுது. பேரேடு தத்துவம்தான்.

ஒரு சாண் கதை

இவ்வளவு திருகலும் எதற்காக? 0.01 விநாடிக்காக!

2018 அரையிறுதியில் லீ சாங்-ஹோ, ஸ்லோவேனியாவின் ஜான் கோஷிரை ஜெயித்தது 0.01 விநாடியில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. இறுதிப் போட்டியில் சுவிட்சர்லாந்தின் நெவின் கல்மாரினியிடம் 0.43 விநாடியில் தோற்று வெள்ளி.

அதே நாள் பெண்கள் தங்கம் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்காவுக்கு. இந்த அம்மணி ஒரு வாரம் முன்னால்தான் அதே ஒலிம்பிக்கில் ஸ்கீ பந்தயமான சூப்பர்-ஜியிலும் தங்கம் வாங்கியிருந்தார். வித்தியாசம்? அதே 0.01 விநாடி! ஜெயிப்போம் என்று எதிர்பார்க்காததால் மேக்கப் போடவில்லையாம். பிரஸ் மீட்டில் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

நான்கு வருஷம் கழித்து 2022 பெய்ஜிங். தகுதிச் சுற்றில் லீதான் முதலிடம். தங்கம் இவருக்குத்தான் என்று கொரியாவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. காலிறுதியில் எதிரே விக் வைல்டு. 2014-ல் இரட்டைத் தங்கம் வாங்கிய ஆள். லீ தோற்றார். எவ்வளவில்? 0.01 விநாடியில். கொடுத்த கையே எடுத்துக்கொண்டது. நான்கு வருஷ உழைப்பு, ஒரு சாணில் போயே போச்சு. மேலிருந்து கீழ்வரை எங்கோ ஒரு வளைவில் விளிம்பு ஒரு கணம் செதுக்காமல் சுரண்டியிருந்தால் போதும், அந்தச் சாண் போவதற்கு.

நமக்கு?

"நமக்கெதுக்குங்க பனி, குடிக்கத் தண்ணியே இல்ல" என்று கீரனூர்ப் பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் பனி இந்தியாவில் இல்லாத சரக்கு இல்லை. காஷ்மீர் குல்மார்கில் 2020-லிருந்து கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன, ஸ்நோபோர்டும் உண்டு. அந்தப் பக்கத்துப் பையன் ஆரிஃப் கான், பனிச்சறுக்கு சாமான் கடை வைத்திருந்தவரின் மகன், 2022 பெய்ஜிங்கில் இந்தியாவுக்காக ஸ்கீயில் இறங்கினார். இந்தியக் கொடியைப் பிடிக்கப் போன ஒரே வீரர் அவர்தான். நம்ம பக்கத்து ஆட்கள் வேலை பார்க்கும் துபாயில்கூட ஒரு ஷாப்பிங் மாலுக்குள் 2005-லிருந்து 400 மீட்டர் பனிச் சரிவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் போய்ப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் ஹார்டு பூட்ஸ் வேண்டாம். முதலில் பலகை மேல் நிற்கப் பழகினால் போதும். பந்தயப் பலகை ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். பி.எஃப். லோன் போடுகிற ஐடியா இருந்தால் வீட்டம்மாவிடம் முதலில் சொல்லிவிடவும்.

அந்தத் தோட்டத்துக்காரர்கள் ஒலிம்பிக்கை நினைத்தா அங்கே கோஸ் நட்டிருப்பார்கள்? தோட்டம் சும்மா கிடந்த மாதத்தில் யாரோ அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். மீதியைச் சரிவும் பையனும் பார்த்துக்கொண்டார்கள்.

கொடைக்கானல் மலையில் கோஸ் விளைகிறது. சரிவு வேண்டிய மட்டும் இருக்கிறது. மார்கழி, தையில் புல்வெளியில் உறைபனிகூடப் படிகிறது. முழுப் பனி ஒன்றுதான் பாக்கி.

பாக்கி இருக்கும்போது கணக்கை மூடக் கூடாது என்பது காமர்ஸில் முதல் பாடம், ஸார்!