செல்போன் மேசைக் கணினியை ஓரங்கட்டிவிடுமா?

செல்போனில் வீடியோ எடிட் செய்தால் கொஞ்ச நேரத்தில் கை சுடுகிறதே, ஏன்? தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

சிப் உழைக்க உழைக்கச் சூடாகும். ஜன்னல் இல்லாத சமையலறையில் டீ போடலாம்; கல்யாணச் சமையல் செய்ய முடியுமா? செல்போனும் அப்படித்தான். பெரும்பாலான செல்போன்களில் மின்விசிறி கிடையாது. சூடு ஏறியதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மேசைக் கணினிக்கோ பெரிய பெட்டி, விசிறிகள், தடையில்லாத மின்சாரம். 2022இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் வரை இழுக்கும்! செல்போன் சில வாட்டுகளிலேயே திணறிவிடும்.

அப்படியானால் செல்போன் தோற்றதா? இல்லை. குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை வாங்கும் அதன் நுட்பத்தைக் கொண்டே, 2020இல் ஆப்பிள் எம்1 சிப்பை உருவாக்கி மேசைக் கணினியிலும் பொருத்தியது.

அன்றாட வேலைக்குச் செல்போன் போதும். மணிக்கணக்கில் முழு வேகம் வேண்டுமா? பெரிய பெட்டியை விட்டுவிடாதீர்கள்.